அண்ணன் தவளை, தம்பித் தவளை

வடக்குத்திலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். கடிதம் என்பதைவிட வழக்குக் கட்டு என்றே சொல்லலாம். வாதி, பிரதிவாதி, சாட்சி எல்லாரும் அவர் வீட்டிலேயே இருக்கிறார்கள். நீதிபதி வேலையை மட்டும் நம் தலையில் கட்டியிருக்கிறார்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட மறுநாள் இரவு, கொல்லைப்புறக் குழாயடியில் இரண்டு பெரிய தவளைகள் வந்து உட்கார்ந்திருந்தனவாம். ஒன்று நீண்ட உடலும் கூர்மையான மூக்கும் கொண்டது. பச்சை உடம்பில் கறுப்புத் திட்டுகள். மற்றது குட்டை, பிடித்து வைத்த கொழுக்கட்டைபோல் உருண்டை. "ஒன்று ஆண், ஒன்று பெண். இதில் என்ன ஆராய்ச்சி வேண்டிக் கிடக்கிறது?" என்று சொல்லிவிட்டுக் கணவர் செய்தித்தாளுக்குள் புகுந்துகொண்டார். "குண்டாக இருக்கிறதே, அது தவளையே இல்லை, தேரை. குழந்தையைத் தள்ளி நிற்கச் சொல்லு" என்றார் மாமியார். பள்ளிக்கூடம் போகும் பையனோ, "சாலமாண்டர் என்று ஒன்று இருக்கிறதாமே, அதுவாக இருக்குமோ?" என்று மூன்றாவது கட்சி கட்டினான். "இரண்டு நாளாகச் சாப்பாட்டு வேளையில் இதே பேச்சுத்தான். யார் சொல்வது சரி என்று நீங்களே சொல்லிவிடுங்கள்" என்று முடித்திருக்கிறார் சகோதரி.

தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். கடிதத்தில் கண்டிருக்கும் அடையாளங்களை வைத்துப் பார்த்தால், மூவர் கட்சியும் தோற்றது என்றே தோன்றுகிறது. அவை ஆணும் பெண்ணுமல்ல, தவளையும் தேரையுமல்ல, சாலமாண்டர் நிச்சயமாக அல்ல. அண்ணன் தம்பி என்று சொல்லத்தக்க நெருங்கிய உறவுடைய இரண்டு வேறு இனத் தவளைகள் அவை.

மூன்று கட்சிகள்

சின்னவர் கட்சியை முதலில் கவனிப்போம். தண்ணீரிலும் தரையிலுமாக வாழ்கின்ற பிராணிகளின் குடும்பத்தில் மூன்று கிளைகள் உண்டு. வாலில்லாத தவளையும் தேரையும் ஒரு கிளை. காலே இல்லாமல் மண்புழுவைப்போல் நெளியும் சிசிலியன் ஒரு கிளை. வாலுள்ள சாலமாண்டர் மூன்றாவது கிளை. பார்வைக்குச் சாலமாண்டர் நம் வீட்டு அரணையை நினைவூட்டும். ஆனால் அரணைக்கு இருப்பதுபோல் அதற்குச் செதில் கிடையாது. ஈரமான வெறும் தோல்தான். நம் நாட்டில் அது டார்ஜிலிங் பக்கத்து மலைகளிலும் வடகிழக்கு மாகாணங்களிலும்தான் இருக்கிறது. வடக்குத்துக் குழாயடிக்கு வரவேண்டுமானால் ரயில் ஏறித்தான் வரவேண்டும்! ஆயினும் பையன் அந்தப் பெயரை எடுத்ததும் நல்லதுக்கே. சாலமாண்டர் இந்த வழக்கில் பின்னால் சாட்சியாக வரப்போகிறது.

மாமியார் கட்சியை அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிட முடியாது. தேரை என்றாலே நம் வீடுகளில் ஒரு வெறுப்பு உண்டு. தேங்காய்க்குள் பருப்பு இல்லாவிட்டால்கூட, "தேரை மோந்தது" என்று அதன்மேல்தான் பழி. நாம் சொறித்தேரை என்று சொல்வதன் உடம்பு வறண்டிருக்கும். முதுகெல்லாம் முண்டும் முடிச்சுமாக இருக்கும். தத்தித் தத்திப் போகுமே தவிரப் பெரிய தாவல் தாவாது. எல்லாவற்றையும்விட முக்கியமான அடையாளம், இரண்டு கண்களுக்கும் பின்னால் புடைத்துக்கொண்டு நிற்கும் சுரப்பிகள். குழாயடிக் குண்டுத் தவளைக்கும் முதுகில் முடிச்சுகள் உண்டு. மாமியார் ஏமாந்ததில் தப்பில்லை. ஆனால் அதன் தோல் ஈரமாக மினுமினுக்கும். கண்ணுக்குப் பின்னால் அந்தப் புடைப்பு இராது.

இனி கணவர். ஆணுக்கும் பெண்ணுக்கும் வித்தியாசம் உண்டு என்பது வாஸ்தவம். பெரும்பாலான தவளைகளில் பெண்தான் பெரியது. ஆணுக்குத் தொண்டையின் இருபுறமும் குரல் பைகள் உண்டு. அண்ணன் தவளையின் ஆணோ, மழைக்காலத்தில் இணை தேடும் சில நாட்களுக்கு மஞ்சள் குளித்ததுபோல் உடம்பெல்லாம் மஞ்சளாகிவிடும். குரல் பைகள் பளிச்சென்று நீல நிறமாக உப்பும். கல்யாண மாப்பிள்ளை தோற்றான்! ஆனால் மூக்கின் கூர்மையும் குதிகாலின் அமைப்பும் ஆண் பெண் என்று பார்த்து மாறுவதில்லை. அவை இனத்துக்கு உரிய அடையாளங்கள்.

பெயர் வைத்தவர்கள்

அண்ணனுக்கு முதலில் விஞ்ஞானப் பெயர் வைத்தவர் தோதேன் என்ற பிரெஞ்சுக்காரர். ஆண்டு 1802. வங்காளத்திலிருந்து கிடைத்த தவளை அது. உடம்பின் பட்டைகளைக் கண்டு, புலியை நினைத்து 'டைகரினா' என்று பெயரிட்டார். குழந்தைப் பருவத்தில் வந்த நோயால் கால்கள் செயலற்றுப் போனவர் அவர். நடக்க முடியாத அந்த மனிதர்தான் தவளைகளுக்கும் தேரைகளுக்கும் தனி நூல் எழுதினார் என்று அறியும்போது மனம் நெகிழ்கிறது.

தம்பிக்குப் பெயர் வைத்தவர் ஜெர்டன். சென்னை ராஜதானியில் கம்பெனிப் படையின் வைத்தியராக இருந்தவர். பறவைகளைப் பற்றிப் பெரிய புத்தகங்கள் எழுதியவர். 1853-ல், கர்நாடகம் என்று அந்நாளில் வெள்ளைக்காரர்கள் அழைத்த நம்முடைய கிழக்குச் சமவெளியில் கண்ட தவளைக்கு, 'கிராஸா' என்று பெயரிட்டார். லத்தீனில் 'தடித்தது' என்று பொருள். ஆக, அண்ணன் வங்காளத்தில் பெயர் பெற்றவன். தம்பியோ நம் பக்கத்துப் பிள்ளை. இலங்கையில் தம்பி உண்டு, அண்ணன் கிடையாது.

கல்லூரியில் விலங்கியல் படித்த சகோதரிகளுக்கு 'ரானா டைக்ரினா' என்ற பெயர் ஞாபகம் வரும். மெழுகுத் தட்டில் குண்டூசி குத்தி வைத்த தவளையும் கூடவே ஞாபகம் வரும்! பல்கலைக்கழக மானியக் குழு 2011-ல் அறுவைப் பாடத்தைக் குறைத்துக்கொள்ளச் சொல்லி வழிமுறைகள் வெளியிட்டது. பெயரும் இப்போது மாறிவிட்டது. அண்ணன் தம்பி இருவரையும் 'ரானா' குடும்பத்திலிருந்து பிரித்து, 'ஹாப்லோபெட்ராகஸ்' என்ற புதுக் குடித்தனத்தில் வைத்திருக்கிறார்கள். சொல்வதற்கு நாக்குச் சுளுக்கும். ஆகையால் நாம் அண்ணன், தம்பி என்றே வைத்துக்கொள்வோம்.

அடையாளம் காண்பது எப்படி?

முதலாவது, உருவம். அண்ணன் மூக்கு நுனியிலிருந்து உடம்பின் கடைசி வரை பதினாறு சென்டிமீட்டர் வரை வளருவான். ஒரு ஜாணுக்குக் குறைவுதான். தம்பி பன்னிரண்டு சென்டிமீட்டருக்குள் அடங்குவான். ஆனால் அண்ணனுக்கும் குழந்தைப் பருவம் உண்டல்லவா? அளவை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம்.

இரண்டாவது, முகம். அண்ணனுக்கு நீண்டு கூர்ந்த மூக்கு. தம்பிக்கு மழுங்கிய மூக்கு, தடித்த உடம்பு.

மூன்றாவது, முதுகு. அண்ணன் முதுகில் புடைவைக் கொசுவம்போல் நீளவாக்கில் தோல் மடிப்புகள் ஓடும். நடு முதுகில் வெளிறிய கோடு ஒன்றும் பல தவளைகளில் காணலாம், எல்லாவற்றிலும் இராது. தம்பியின் முதுகில் முடிச்சுகள் அதிகம்.

நான்காவது, குதிகால். இதுதான் கைரேகை மாதிரி. தம்பியின் பின்னங்காலில், உட்பக்க விரலுக்கு அடியில், மண்வெட்டித் தகடுபோலக் கெட்டியான பெரிய மேடு ஒன்று இருக்கும். அண்ணனுக்கு அந்த இடத்தில் சிறிய மேடுதான். தம்பி அந்த மண்வெட்டியை வைத்துக்கொண்டு என்ன செய்கிறான்? தோண்டுகிறான். பின்னங்கால்களால் மண்ணைத் தள்ளித் தள்ளிப் பின்பக்கமாகவே பூமிக்குள் இறங்கிவிடுகிறான். கோடையெல்லாம் மண்ணுக்குள் வாசம். மழை பெய்தால் வெளியே வருகை. நெய்வேலியோ தோண்டுவதற்குப் பெயர்போன ஊர். 1956-ல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கி, 1957-ல் சுரங்க வேலையை ஆரம்பிப்பதற்கு எத்தனையோ காலம் முன்பே, யந்திரம் இல்லாமல் தோண்டத் தெரிந்த பிராணி இது.

மண்ணுக்குள் மறையும் தவளையை நம் முன்னோர்கள் கவனிக்காமல் இல்லை. அதற்கு நுணல் என்று தனிப் பெயரே கொடுத்தார்கள். மணலுக்குள் ஒளிந்திருப்பது வாயைத் திறந்து தானே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று 'பழமொழி நானூறு' சொல்லுகிறது. தவளை வேறு, தேரை வேறு, நுணல் வேறு என்று மூன்று சொற்களை வைத்திருந்த மொழி நம்முடையது. நாம்தான் எல்லாவற்றையும் "சீ, தவளை!" என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட்டோம்.

தெரிந்து என்ன லாபம்?

"எந்தத் தவளையாக இருந்தால் என்ன? சமையலறைக்குள் வராமல் இருந்தால் சரி" என்று சில சகோதரிகள் சொல்வது காதில் விழுகிறது. நியாயமான கேள்விதான். பதிலுக்கு ஒரு பழைய வியாபாரக் கதையைச் சொல்ல வேண்டும்.

நம் நாட்டிலிருந்து பல ஆண்டுகள் தவளைக்கால் கப்பல் ஏறிக்கொண்டிருந்தது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அது விருந்துப் பண்டம். மழைக்கால இரவுகளில் வயல் வரப்பில் விளக்கைத் தூக்கிக்கொண்டு போவார்கள். வெளிச்சத்தில் திகைத்து நிற்கும் தவளைகளைச் சாக்கில் போட்டுக்கொண்டு வருவார்கள். 1981-ல் மட்டும் நாலாயிரம் டன்னுக்கு மேல் தவளைக்கால் ஏற்றுமதியாயிற்று. டன் கணக்கில் எடை போட்டது கால்களை மட்டும் என்பதை மறந்துவிடாதீர்கள். அத்தனைக்கும் எத்தனை உயிர்கள் போயிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். வயலில் பூச்சியைத் தின்னும் தவளையை விற்று, அந்தப் பூச்சியைக் கொல்ல மருந்து வாங்குவது என்ன கணக்கு என்று சிலர் கேட்டார்கள். பம்பாயைச் சேர்ந்த பறவை ஆராய்ச்சியாளர் ஹுமாயூன் அப்துல் அலி அவர்களில் முக்கியமானவர். கடைசியில் 1987-ல் இந்திய சர்க்கார் தவளைக்கால் ஏற்றுமதியைத் தடை செய்தது.

இதற்கு இரண்டு ஆண்டு முன்னால், 1985-ல், அழிந்துவரும் உயிரினங்களின் வாணிபத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச உடன்படிக்கையில் நம் தவளைகள் இடம் பெற்றன. 'சைட்டீஸ்' என்று அதைச் சுருக்கமாகச் சொல்வார்கள். அதன் இரண்டாவது பட்டியலில் இரண்டு பெயர்கள் சேர்ந்தன. ஒன்று நம் அண்ணன் தவளை. மற்றது குளத்தில் பச்சைப் பசேலென்று மிதக்குமே, அந்தக் குளத்துத் தவளை. தம்பியின் பெயர் அதில் இல்லை!

சாக்குக்குள் போனபோது தம்பியை யாரும் விட்டுவைக்கவில்லை. அண்ணனோடு அவனும் பிடிபட்டவன்தான். தோலுரித்த காலைக் கையில் கொடுத்து, இது அண்ணனா தம்பியா என்று துறைமுக அதிகாரியைக் கேட்டால் அவர் என்ன செய்வார்? மூக்கு இல்லை, முதுகு இல்லை. பட்டியலில் உள்ளவனைப் பட்டியலில் இல்லாதவன் பெயரால் அனுப்பிவிட இதைவிட நல்ல வழி உண்டா? சட்டத்துக்கு முகம் தெரியாது, பெயர்தான் தெரியும். ரேஷன் கார்டில் பெயரில்லாத பிள்ளைக்கும் பசி எடுக்கத்தான் செய்கிறது, அரிசிதான் கிடைப்பதில்லை. தம்பியின் கதையும் அப்படித்தான்.

மலையிலிருந்து ஒரு சாட்சி

இந்த இடத்தில்தான் சாலமாண்டர் சாட்சிக் கூண்டில் ஏறுகிறது.

1871-ல் ஆண்டர்சன் என்ற விஞ்ஞானி, சீனாவின் யுன்னான் பகுதியில் கிடைத்த ஒரு சாலமாண்டருக்கு 'டைலோடோட்ரைட்டன் வெருகோசஸ்' என்று பெயரிட்டார். விலாவோரம் வரிசையாகக் குமிழ் குமிழாக முடிச்சுகள் உள்ள, கரும் பழுப்பு நிறப் பிராணி. டார்ஜிலிங் மலைகளிலும் கிழக்கு நேபாளத்திலும் இதேபோல் ஒன்று இருந்தது. பார்த்தவர்கள், "இதுவும் அதுதான்" என்று ஒரே பெயரில் எழுதிவிட்டார்கள். டார்ஜிலிங் பக்கத்து ஜோர்போக்ரியில் 1985-ல் அதற்கென்று ஒரு சரணாலயம்கூட ஏற்பட்டது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையிலும் பல்லாண்டுகள் அந்த ஒரே பெயர்தான்.

2015-ல்தான் குட்டு உடைந்தது. கிழக்கு நேபாளத்துச் சாலமாண்டரின் தலை எலும்பு, விலாக் குமிழ்கள், வால் எல்லாவற்றையும் அளந்து, மரபணுவையும் ஒப்பிட்டுப் பார்த்த விஞ்ஞானிகள், "இது வேறு இனம்" என்றார்கள். 'ஹிமாலயானஸ்' என்ற புதுப் பெயரும் வைத்தார்கள். நூறு வருஷத்துக்கு மேலாக அண்ணன் பெயரிலேயே கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த தம்பி அது!

பெயர் மாறினால் கணக்கு மாறுகிறது. யுன்னானிலிருந்து நேபாளம் வரை பரந்து கிடக்கும் ஒரே இனம் என்று நினைத்தவரையில், ஒரு மலையில் குறைந்தாலும் இன்னொரு மலையில் இருக்கும் என்று ஆறுதல் சொல்லிக்கொள்ளலாம். இரண்டு இனம் என்று தெரிந்த பிறகு அந்த ஆறுதலுக்கு இடமில்லை. கிழக்கு இமயத்தின் சில ஈர மலைகளில் மட்டும் உள்ளது அங்கே போனால் போனதுதான். 2019-ல் சைட்டீஸ் மாநாடு ஒரு நல்ல காரியம் செய்தது. ஒவ்வொரு பெயராகச் சேர்த்துக்கொண்டிராமல், அந்தச் சாலமாண்டர் குடும்பத்தையே அண்ணன் தம்பி அனைவரோடும் பட்டியலில் சேர்த்துவிட்டது. குழப்பத்துக்கு அதுதான் சரியான மருந்து. நம் தவளைத் தம்பிக்கு அந்த யோகம் அப்போது வரவில்லை.

தலைப்பிரட்டையின் கள்ளப் பயணம்

இனம் தெரியாததால் வந்த இன்னொரு வம்பையும் கேளுங்கள். அந்தமான் தீவுகளில் பெரிய தவளை கிடையாது. மீன் வளர்ப்புக்காக இங்கிருந்து மீன் குஞ்சுகளைக் கொண்டுபோனபோது, அவற்றோடு அண்ணன் தவளையின் தலைப்பிரட்டைகளும் கலந்து போய்ச் சேர்ந்துவிட்டன. நம் குட்டைகளில் இந்தத் தலைப்பிரட்டைகள் கொசுப் புழுவைத் தின்கின்றன, நமக்கு நல்லது. அந்தமானிலோ அவை அந்த ஊர்த் தலைப்பிரட்டைகளைத் தின்று தீர்க்கின்றன. வளர்ந்த தவளைகள் மீனையும் பல்லியையும் கோழிக் குஞ்சையும்கூட விட்டுவைப்பதில்லை. பிறந்த வீட்டில் உபகாரி, போன இடத்தில் உபத்திரவம். ஏற்றும் இடத்தில் அடையாளம் கண்டு பொறுக்கி எடுத்திருந்தால் அவ்வளவு தூரம் போயிருக்காது.

நம் ஊருக்குத் திரும்புவோம்

வடக்குத்து இருக்கும் இடத்தைப் பாருங்கள். பண்ருட்டியிலிருந்து வடலூர் போகும் சாலையில் வந்தால் முந்திரியும் பலாவும் நிற்கும் செம்மண் மேட்டைப் பார்க்கலாம். கிழக்கே குறிஞ்சிப்பாடிப் பக்கம் இறங்கினால் வாலாஜா ஏரி, பெருமாள் ஏரி, அவற்றின் கீழே நெல் வயல்கள். நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் நீரை இராப்பகலாக இறைத்தால்தான் சுரங்கம் நடக்கும். சுரங்கத்தில் இறைத்த நீர் இந்த ஏரிப் பாசனத்துக்கும் வந்து சேர்கிறது.

தேங்கிய தண்ணீரும் சேற்று வயலும் அண்ணனுக்கு வேண்டும். தம்பிக்குக் கால் வைத்தால் இறங்குகிற மண் வேண்டும். மழை கொட்டும் நாலு மாதம் இருவரும் ஒரே குட்டையில் கத்துவார்கள். மற்ற எட்டு மாதம் அவரவர் வழி வேறு. குட்டையைத் தூர்த்தால் இருவருக்கும் நஷ்டம். ஆனால் குட்டையை விட்டுவைத்துச் சுற்றிலும் அங்குலம் விடாமல் சிமெண்டு பூசிவிட்டால், அண்ணன் எப்படியோ சமாளிப்பான். தம்பிக்குக் கோடையில் படுக்க இடம் இல்லாமல் போகும். குரல் கேட்கிறதே, தவளைகள் சௌக்கியம்தான் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம். கேட்கும் குரல் ஒருவனுடையதாகவும், கேட்காமல் போனது மற்றவனுடையதாகவும் இருக்கலாம்.

ஆகவே வீட்டுக்காரிகள் செய்யக்கூடியது மூன்று. கொல்லைப்புறம் முழுவதையும் தளம் போடாமல், செடியடியில் ஒரு பாய் விரிக்கும் அளவாவது வெறும் மண்ணாக விட்டுவையுங்கள். தவளையைக் கண்டால் உப்பைத் தூவுவதையும் வெந்நீரை ஊற்றுவதையும் விட்டுவிடுங்கள்; ஒரு பழைய முறத்தைக் குறுக்கே பிடித்து வாசல் பக்கம் திருப்பிவிட்டால் தானே போய்விடும். மூன்றாவது, மழைக்கால இரவில் குழந்தைகளை அழைத்துக்கொண்டு டார்ச்சோடு ஐந்து நிமிஷம் நின்று பாருங்கள். புல்லில் பூச்சி பொட்டு இருக்கும், செருப்பு அவசியம். தவளையைத் தொட வேண்டாம். கூர்மூக்கு எத்தனை, குண்டு எத்தனை என்று தேதி போட்டு வீட்டுக் காலண்டரிலேயே எழுதி வையுங்கள். பால் கணக்கு எழுதும் கைக்கு இது பெரிய வேலையல்ல. நாலைந்து வருஷம் எழுதி வந்தால், உங்கள் தெருவில் யார் குறைகிறார்கள் என்பதை எந்தச் சர்க்கார் பட்டியலுக்கும் முன்னால் அந்தக் காலண்டர் சொல்லிவிடும்.